இழை அவுட்

"ஏஞ்சாமி, நீயே சொல்லு. உங்கொப்பனா, எம்பையனா? ரெண்டு பேர்த்துல ஆரு பெரிய ஆட்டக்காரன்?"

பாவடியில் அத்தனை பேர் முன்னால் குணசீலன் முதலாளி என்னிடம் இப்படிக் கேட்டார். பதில் வேண்டிக் கேட்கவில்லை. நான் வாய் திறக்க மாட்டேன் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். ஒன்பதாம் வகுப்பில் தமிழ் டீச்சர் எழுப்பி ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னபோது, புத்தகத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தேன். மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள்தான். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. இப்போது முதலாளியின் தறிக்கூடத்தில் தார் சுற்றுகிறேன். தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடாவுக்குள் போகிற சின்னக் குச்சியில் நூல் ஏற்றுகிற வேலை. அங்கே பேச வேண்டியதில்லை. மெஷின் பேசிக்கொண்டே இருக்கும்.

இப்படிப்பட்டவளிடம் கேட்டால் தலையைக் குனிவாள். குனிந்த தலையை ஆமாம் என்று எடுத்துக்கொள்ளலாம். முதலாளியின் எண்ணம் அதுதான்.

நான் குனியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

குமாரபாளையத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் கிடக்கிற நீளமான வெட்டவெளிக்குத்தான் பாவடி என்று பெயர். முன்பெல்லாம் தறிக்கு ஏற்றுவதற்கு முன் பாவு நூலை அங்கேதான் நீட்டி விரித்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். இப்போது அதெல்லாம் மெஷினில் முடிந்துவிடுகிறது. பாவடியில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் மட்டும்தான். எங்கள் தெரு டீம் தொடங்கி முப்பது வருடம் ஆனதற்காக, இந்தப் பொங்கலுக்குப் பாவடி ஓரத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு வெள்ளையடித்து, 'பாவடி கண்ட மாபெரும் பேட்ஸ்மேன்' என்று எழுதி, அதற்குக் கீழே ஒரே ஒரு பெயர் எழுதுவதென்று முடிவு செய்திருந்தார்கள். செலவு முழுக்கக் குணசீலன் முதலாளியுடையது.

பெயிண்டர் வேல்முருகன் மேல்வரியை முடித்துவிட்டு ஏணியில் உட்கார்ந்திருந்தார். கீழ்வரிக்கு இரண்டு பெயர்கள் போட்டி போட்டன.

ஒன்று சின்னராஜ். எங்கள் அப்பா. முதலாளியிடம் நாலு தறி ஓட்டுகிறவர்.

அப்பா ஆடிய காலத்தில் பாவடியின் இரண்டு பக்கமும் பாவு கட்டியிருக்குமாம். நடுவில் சந்து போல ஓர் இடம். அதில்தான் ஆட்டம். பந்து நூலில் பட்டால் அவுட். நூலைத் தாண்டிப் பறந்தாலும் அவுட். அந்தப் பக்கம் இன்னொருவர் பாவு காய்ந்துகொண்டிருக்கும். இடது பக்கம், வலது பக்கம் என்பதே கிடையாது. நேராக அடித்து எதிர் மதிலில் முட்டினால் நாலு. அந்தச் சந்துக்குள் மற்றவர்கள் பத்து ரன் எடுப்பதற்குள் திணறுவார்கள். அப்பா நிற்க ஆரம்பித்தால் பாவு காய்ந்து சுருட்டும்வரை நிற்பார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போலப் பந்து போகும் என்பதால் ஸ்கேல் சின்னராஜ் என்று பெயர். இன்றைக்கும் வயதானவர்கள் அப்பாவை "ஸ்கேலு" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இன்னொரு பெயர் கோகுல்ராஜ். முதலாளியின் மகன். இஞ்சினியரிங் முடித்துவிட்டு, பவானி, திருச்செங்கோடு, ஈரோடு என்று எந்த ஊரில் டோர்னமெண்ட் நடந்தாலும் போய் ஆடுகிறவர். பந்து அவர் பேட்டில் பட்டால் ஏதாவது ஒரு மொட்டைமாடியில்தான் போய் விழும். மொட்டமாடி கோகுல் என்றால் சங்ககிரி வரை தெரியும். நல்ல மனிதர், ஆனால் வாய் ஓயாது. சிக்ஸ் அடித்துவிட்டு, "சாரிண்ணே, கை தெரியாம பட்டுருச்சு," என்று பந்து போட்டவரிடமே மன்னிப்புக் கேட்பார். பேட்டுக்கும் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்குப் பந்து போட்டவர்கள் இதே தெருக்காரர்கள். யார் எப்படிப் போடுவார்கள் என்று அவருக்கு மனப்பாடம். கோகுலண்ணனுக்கு ஒவ்வொரு வாரமும் முன்பின் பார்த்திராத ஒருவன் எங்கிருந்தோ ஓடிவந்து முகத்துக்கு நேராகப் போடுகிறான். லைட் வெளிச்சம், மைக் சத்தம், சுற்றிலும் லைவ் போடுகிற செல்போன்கள். அப்பாவுக்கு இரண்டு பக்கமும் நூல், அவருக்கு நாலு பக்கமும் கேமரா. எது கஷ்டம் என்று எப்படிச் சொல்வது? அம்மாவுக்கு டீ போடும்போதும் தார் சுற்றும்போதும் இதை நினைத்துப் பார்ப்பேன். ஒரு நாள் அப்பா பெரியவராகத் தெரிவார், மறுநாள் அண்ணன்.

அன்றைக்குப் பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு. அம்மா தூக்குப் போசியில் டீ கொடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். நான் போனபோது பாவடியில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"எங்க கோகுலு பவானில அடிச்ச சிக்ஸு இன்னும் கீழ எறங்கலைங்ணா," என்றான் மதன். எங்கள் டீமில் வேகமாகப் பந்து போடுகிறவன், கோகுலண்ணனின் கூட்டாளி.

"எப்பிடி எறங்கும்? எவளாச்சும் காயப் போட்ட வடகத்துக்குள்ள கெடக்கும்," என்றார் பச்சமுத்து மாமா. அவர் அப்பாவின் காலத்து விக்கெட் கீப்பர். இப்போது லாரி புக்கிங் ஆபீசில் இருக்கிறார். "ஸ்கேலு அடிச்சா பந்தைத் தேடோணும்ங்கிற வேலையே இல்ல. மதில்ல முட்டி அதே கோட்டுல திரும்பி வரும். பந்து போட்டவன் குனிஞ்சு எடுத்தாப் போதும்."

"உங்க காலத்துப் பந்து வந்து சேர்றதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வந்துரலாமாமுங்க."

"டேய், உன்ற பேட்டுல பட்டாலே பவுண்டரி. எங்குளுது ஒடஞ்ச தறிச்சட்டத்துல செதுக்குனது. பந்து பட்டா பந்துக்கு வலிக்காது, நமக்குத்தான் வலிக்கும்."

"அப்ப இந்தப் பேட்டைக் குடுத்தா சின்னராஜண்ணன் சிக்ஸ் அடிப்பாரா?"

"அப்ப ரெண்டு பக்கமும் பாவு கட்டுனா உன்ற கோகுலு ஒரு ரன் எடுப்பானா?"

இந்தச் சண்டை எப்போதும் இந்த இடத்தில் வந்துதான் நிற்கும்.

"பேரைச் சொல்லுங்ணா, பெயிண்ட் ஆடை கட்டுது," என்றார் வேல்முருகன்.

அப்போதுதான் அப்பா சிரித்தார். "தம்பி பேரையே எழுதிருங்க. நானெல்லாம் எந்த மூலைக்குங்க."

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். மோசமான நூல் வந்து தறியில் நிமிடத்துக்கு ஒரு தரம் அறுந்துகொண்டிருக்கும்போது, முதலாளி எட்டிப் பார்த்து "எப்பிடி சின்னராஜு, நூலு?" என்பார். "அருமையான நூலுங்க," என்பார் அப்பா. அப்போது சிரிக்கிற சிரிப்பு அது. அப்பா ஓட்டுகிற நாலும் நல்ல தறிகள். முதலாளி நினைத்தால் நாளைக்கே வேறு தறிக்கு மாற்றிவிடலாம்.

"ஸ்கேலு, நீ வாய மூடு," என்றார் பச்சமுத்து மாமா. "உன்னையப் பத்திப் பேசறதுக்கு நீ ஆருடா?"

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பியவர், போசியோடு நின்ற என்னைப் பார்த்தார். அப்பனே விட்டுக்கொடுத்துவிட்டான், மகளையும் தலையாட்ட வைத்துவிட்டால் பச்சமுத்துவின் வாய் அடங்கும் என்று நினைத்திருப்பார். அப்போதுதான் கேட்டார், உங்கொப்பனா, எம்பையனா என்று.

எனக்கு யார் பெரியவர் என்று தெரியாது. இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது. ஆனால் தெரியாமல் இருப்பதும் தலையைக் குனிவதும் ஒன்றல்ல. எங்கள் அப்பாவின் பெயர் ரேஷன் கார்டைத் தவிர வேறு எங்கும் எழுதப்பட்டதில்லை. தோற்று அந்தப் பெயர் போனால் போகட்டும். அவருடைய சிரிப்பால் போகக் கூடாது.

"இழை கட்டிப் பார்க்கலாமுங்க," என்றேன்.

"என்ன சாமி?" முதலாளி காதில் கையை வைத்துக் குனிந்தார்.

"ரெண்டு பக்கமும் இழை கட்டி ரெண்டு பேரும் ஆடட்டுமுங்க. ஆறாறு பந்து. அப்பறம் எழுதட்டும்."

பச்சமுத்து மாமா தொடையில் தட்டினார். "பேசிருச்சுடா! அமுதவல்லி மவ பேசிருச்சு!"

"வேண்டாங்க, எனக்குத் தோளு சரியில்ல," என்று அப்பா எழுந்தார். அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை. கோகுலண்ணன்தான் முதலில் குதித்தார். "கட்டுங்க கட்டுங்க! செமயா இருக்கும். மதனு, லைவ் போடு. 'ஸ்கேல் வெர்சஸ் மொட்டமாடி'ன்னு போடு." மகனே கேட்ட பிறகு முதலாளி என்ன செய்வார்? "நூலுக்கா பஞ்சம் நம்மூட்ல?" என்று தறிக்கூடத்துச் சாவியை எடுத்து வீசினார். நான் ஓடிப்போய்ச் சிவப்பு நூல் கோன்களாகப் பார்த்து எடுத்துவந்தேன். வெள்ளை நூல் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது.

வழியில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிட்டார்.

பொங்கல் பந்தலுக்கு வந்திருந்த மூங்கில்களை இரண்டு பக்கமும் நட்டு, கணுக்காலில் இருந்து நெஞ்சு வரை வரி வரியாக நூல் இழுத்துக் கட்டினோம். வெட்டவெளி சட்டென்று சந்தாகிவிட்டது. கோகுலண்ணன் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "ஏனுங்ண்ணா, இதுக்குள்ளயா ஆடுனீங்க? எங்கூட்டு பாத்ரூமே இதவிடப் பெருசுங்க."

"இழை சொல்ல ஆரு நிக்கறது?" என்று கேட்டார் அம்மா.

"நான்தான் அம்பயரு, நான் சொல்றேன்," என்றார் முதலாளி.

"அம்பயருக்கு அது இல்லைங்க," என்றார் பச்சமுத்து மாமா. அது அந்தக் கால வழக்கம். மற்ற அவுட்டையெல்லாம் அம்பயர் கொடுப்பார். நூலில் பட்ட அவுட்டைப் பாவில் வேலை செய்யும் பெண்கள்தான் கொடுப்பார்கள். அறுந்த இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட வேண்டியது அவர்கள்தானே. "இழை!" என்று குரல் வந்ததும் பேட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். எதிர்த்துப் பேச்சு கிடையாது. அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்படி ஒரே ஒரு தரம் அப்பாவை அனுப்பியிருக்கிறார். "அதுக்குத்தான் இன்னிக்கும் கொழம்புல உப்பு இல்லைன்னு பழி வாங்கறாரு உங்கொப்பன்," என்று சொல்லுவார்.

"அப்பச் சரி. அந்தப் பக்கம் அமுதவல்லி நிக்கட்டும், இந்தப் பக்கம் இவ நிக்கட்டும்," என்று என்னைக் காட்டினார் முதலாளி. "கத்துறாளான்னு பாக்கலாம்." கூட்டம் சிரித்தது. ஊமை போல இருக்கிறவள் நின்றால் தனக்கு வசதி என்று அவர் நினைத்தது அவர் முகத்திலேயே தெரிந்தது.

மதில் பக்கத்துக் கடைசி மூங்கிலிடம் போய் நின்றேன். நூல்களின் முனைகளெல்லாம் அங்கேதான் கட்டியிருந்தன. மேல் இழையின் மீது இரண்டு விரல்களை வைத்துக்கொண்டேன். தார் சுற்றும்போது வைப்பது போல, அழுத்தாமல்.

முதலில் அப்பா.

வேட்டியை மடித்துக் கட்டி, கோகுலண்ணனின் பேட்டை வாங்கிக் கையில் ஏந்திப் பார்த்தார். மதன் வேகமாக ஓடிவந்து போட்டான். அப்பா பேட்டை வீசவில்லை, பந்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அவ்வளவுதான் செய்தார். பந்து மதன் காலருகே புகுந்து, சந்தின் நடுக்கோட்டில் உருண்டு, என்னைத் தாண்டி மதிலில் முட்டியது. "ஸ்கேலு!" என்று பச்சமுத்து மாமா கத்திய கத்தலில் காக்கை பறந்தது. இரண்டாவது பந்து எகிறி வந்தது. அப்பா குதிகாலைத் தூக்கி அதையும் அதே கோட்டில் அனுப்பினார். நான் பிறப்பதற்கு முன் நடந்ததாகச் சொல்லப்பட்டவையெல்லாம் உண்மைதான் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. அப்பா சிரிக்கவில்லை. வேறு யாரோ போல இருந்தார்.

மூன்றாவது பந்தைத் தடுத்தார். எட்டு ரன்.

"சின்னராஜு, போதும்ப்பா," என்றார் முதலாளி, அம்பயர் இடத்திலிருந்து. குரலில் சிரிப்பு இருந்தது. "எம்பையனுக்கும் கொஞ்சம் மிச்சம் வெய்யி."

அப்பாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு திரும்பி வந்தது. நான்காவது பந்து நல்ல பந்துகூட இல்லை. சும்மா தடுத்திருக்கலாம். அப்பா மணிக்கட்டைத் திருப்பினார். பந்து மெதுவாக என் பக்கம் உருண்டு வந்து, கீழ் இழையை லேசாக உரசி நின்றது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சொல்லு என்று அந்தக் கண்கள் கேட்டன. யாரையும் மனம் நோகச் செய்யாமல் வெளியே போக அவருக்கு ஒரு வழி வேண்டும். அந்த வழியைத் திறந்துவிட வேண்டியவள் நான்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஐந்தாவது பந்துக்கும் அவரை நிற்க வைக்கலாம். ஆனால் இழை ஆடியிருந்தது. எதற்காக ஆடியது என்பது வேறு. ஆடியது பொய்யில்லை.

"இழை," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அப்பா பேட்டைத் தரையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். முதலாளி என்னைப் பார்த்துத் தலையசைத்தார், வீட்டுக்கு நல்லது செய்த வேலைக்காரியைப் பார்ப்பது போல. "புள்ளன்னா இப்பிடி இருக்கோணும். சொந்த அப்பன்னுகூடப் பாக்கல பாரு." எனக்கு வந்த ஆத்திரத்தில் மூங்கிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கோகுலண்ணன் ஒன்பது எடுத்தால் போதும். ஆறு பந்து இருக்கிறது.

முதல் பந்துக்குப் பழக்க தோஷத்தில் பேட்டை இடது பக்கம் ஓங்கிவிட்டு, பாதியில் நிறுத்திக்கொண்டார். "அய்யய்யோ, பாவு!" என்று நாக்கைக் கடித்தார். இரண்டாவதைத் தடுத்தார். அதற்குப் பிறகு நடந்ததை நான் மறைக்கப் போவதில்லை. அப்பா வருடக்கணக்கில் பழகியதை அவர் இரண்டே பந்தில் பிடித்துக்கொண்டார். காலை எடுத்துவைத்து, தோளை நேராக்கி, மூன்றாவது பந்தை அடித்தார் பாருங்கள், அது அப்பா போட்ட அதே கோட்டில், அப்பாவின் பந்தைவிட வேகமாகப் போய் மதிலில் முட்டித் திரும்பி வந்தது. பச்சமுத்து மாமாகூட வாயைத் திறந்தபடி நின்றார். அப்பா கை தட்டினார். அது பயந்து தட்டியது இல்லை, எனக்கு வித்தியாசம் தெரியும். நான்காவது பந்துக்கு இரண்டு ரன் ஓடினார். ஐந்தாவது காலடியில் விழுந்தது, "மதனு, நீ என்ற கூட்டாளிதானாடா?" என்று கேட்டுக்கொண்டே தடுத்தார்.

ஆறு ரன். கடைசிப் பந்து. இன்னும் மூன்று வேண்டும்.

மதன் போட்டதை இறங்கிவந்து தூக்கி அடித்தார். பந்து அவன் தலைக்கு மேலே நேராகப் பறந்தது. எல்லோரும் அப்போதே கத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அது கீழே இறங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் சாய்ந்தது. எனக்கு நாலைந்து அடி முன்னால் மேல் இழையை ஒரு தடவு தடவிவிட்டுப் போய் மதிலில் முட்டியது. கண்ணால் பார்ப்பதற்கு முன்பே என் விரலுக்கு அது வந்துவிட்டது. தறியில் நூல் அறுவதற்கு முன் ஒரு துடிப்பு வருமே, அந்தத் துடிப்பு.

"நாலு! முடிஞ்சுது!" என்று முதலாளி கையைத் தூக்கினார். "வேலு, எழுது!"

மதன் கோகுலண்ணனைக் கட்டிப்பிடித்தான். வேல்முருகன் பிரஷை நீலப் பெயிண்டில் தோய்த்து, பெரிதாக ஒரு 'கோ' போட்டார்.

"இழை," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை.

மூங்கிலை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்தேன்.

"இழை!"

மதில் அதைத் திருப்பிச் சொன்னது. வேல்முருகனின் பிரஷ் நின்றது.

"என்ன இழை?" முதலாளி என்னை நோக்கி நடந்து வந்தார். "காத்துல ஆடியிருக்கும்."

"காத்துன்னா எல்லா இழையும் ஆடுமுங்க. மேலே இருக்கற ஒண்ணு மட்டும் ஆடாது."

"உடு சாமி," என்றது அப்பாவின் குரல். "தெரியாம கத்திட்டாளுங்க. காத்தாத்தான் இருக்கும்."

"தெரிஞ்சுதான் கத்துனேன்," என்றேன். முதலாளியிடம் இல்லை, அப்பாவிடம்தான் சொன்னேன். பிறகு முதலாளியைப் பார்த்தேன். "எங்கப்பனுக்குச் சொன்னா இழை, உங்க பையனுக்குச் சொன்னா காத்துங்களா?"

"ஏய், நான் அம்பயரு. நாட் அவுட்!"

"இழைக்கு அம்பயரு கிடையாதுங்க. நீங்கதான் என்னைய நிக்கச் சொன்னீங்க."

முதலாளி அம்மாவின் பக்கம் திரும்பினார். "அமுதவல்லி, நீயாச்சும் உன்ற புள்ளைக்குச் சொல்லு."

அம்மா இடம் விட்டு அசையவில்லை. "நான் இந்தப் பக்கமுங்க. அந்தப் பக்கத்து இழைக்கு அவதான்."

"சின்னராஜு!" முதலாளியின் குரல் மாறிவிட்டது. இப்போது அது தறிக்கூடத்துக் குரல். "நாளைக்குத் தறிக்கு வாரயா, இல்லியா?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அந்தச் சிரிப்பு உதட்டுக்கு வந்து, நிற்க இடமில்லாமல் போனது. அப்பா மேல் இழையைப் பார்த்தார். தரையில் கிடந்த தன் நிழலைப் பார்த்தார்.

"வாரனுங்க," என்றார். "தறி எந்தத் தறியா இருந்தாலும் ஓட்டறனுங்க. ஆனா என்ற இழைக்கு அவ சொன்னப்ப நான் போயிட்டனுங்க."

மதன் லைவ் போட்ட போனை மெதுவாகக் கீழே இறக்கினான். அப்போதுதான் எல்லோருக்கும் கோகுலண்ணனின் நினைவு வந்தது. அத்தனை நேரமும் அவர் குரல் கேட்கவே இல்லை.

அவர் அடித்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மற்றவர்கள் கத்தத் தொடங்கிய பிறகும் அந்தப் பந்தைக் கடைசிவரை பார்த்தது அவர் ஒருவர்தான். அவர் கண் இன்னும் மேல் இழையின் அதே இடத்தில் இருந்தது. நான் விரலால் அறிந்ததை அவர் கண்ணால் அறிந்திருந்தார்.

"டேய் கோகுலு, நீ சொல்லுடா, பட்டுச்சா?" என்றார் முதலாளி.

கோகுலண்ணன் குனிந்து, பேட்டை மெதுவாகத் தரையில் வைத்தார். சந்தின் நடுவில் நேராக நடந்தார். முதலாளியைக் கடந்தார். தொட்டியருகே போய், ஏணியில் தொங்கிய மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து, ஈரம் காயாத 'கோ'வை இரண்டு இழுப்பில் துடைத்தார். சுவரில் நீலமாக ஒரு பூச்சு மட்டும் மிஞ்சியது. துணியை மறுபடியும் ஏணியில் போட்டுவிட்டு என் பக்கம் வந்தார். மூங்கிலருகே வந்ததும் உடம்பைக் குறுக்கி, சிவப்பு நூல் ஒன்றின் மீதும் படாமல் வரிகளுக்கு நடுவே நுழைந்து, தெருவைப் பார்த்துப் போனார்.